முதல்நூலும் வழிநூலும்: ‘திரீஸ்’ கைப்பேசி விளையாட்டும் அது பெற்ற ஏற்பும்

முன்னுரை

ஒரு படைப்பின் தகுதி வேறு. அப்படைப்பு மக்களிடையே பெறும் ஏற்பு வேறு. இலக்கியம் பயில்வோருக்கும் பயிற்றுவிப்போருக்கும் இது புதிய செய்தியன்று. எனினும், ஒரு படைப்பைக் கண்டு பின்னர்ச் செய்யப்பட்ட மற்றொன்று மிகுதியாகப் பரவி, அதன் காரணமாக முன்னதே பின்னதன் போலி எனப் பெயர் பெறும் நிலை அரிதாகவே ஏற்படும். 2014-ஆம் ஆண்டில் ‘திரீஸ்’ என்னும் கைப்பேசிப் புதிர் விளையாட்டுக்கு இந்நிலை ஏற்பட்டது. அதன் பெயரை அறியாதோர் பலர். அதனை ஒட்டி எழுந்த ‘2048’ என்னும் விளையாட்டை அறியாதோர் சிலரே.

கைப்பேசி விளையாட்டு ஒன்றனைத் தமிழாய்வு இதழில் ஆராய்வது தகுமா என்னும் வினா எழலாம். விளையாட்டின் சுவையைப் பேசுவது நமது நோக்கமன்று. முன்னோர் கண்டதைப் பின்னோர் எடுத்தாளுவதில் எது முறை, எது முறையன்று என்னும் பழைய வினா இங்குப் புதிய களத்தில் எழுந்துள்ளது. அவ்வினாவுக்குத் தமிழ் இலக்கண மரபு வகுத்துத் தந்துள்ள சொற்கள் இன்றும் பயன்படுவன. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் அமைப்பு

திரீஸ், நான்கு வரிசையும் நான்கு நிரலும் கொண்ட பதினாறு கட்டங்களில் ஆடப்படுவது. கட்டங்களில் எண் பொறித்த அட்டைகள் இருக்கும். விரலை மேல், கீழ், இடம், வலம் ஆகிய திசைகளுள் ஒன்றில் இழுத்தால், நகர இடமுள்ள அட்டைகள் யாவும் அத்திசையில் ஒரு கட்டம் மட்டும் நகரும். 1 என்னும் அட்டை 2 என்னும் அட்டையோடு மட்டுமே சேர்ந்து 3 ஆகும். மூன்றும் அதற்கு மேற்பட்டனவும் தம்மை ஒத்த எண்ணோடு மட்டுமே சேரும். 3-உம் 3-உம் சேர்ந்தால் 6. 6-உம் 6-உம் சேர்ந்தால் 12. இவ்வாறே 24, 48, 96 என எண்கள் வளர்ந்து செல்லும். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு புதிய அட்டை, இழுத்த திசைக்கு எதிர்ப்புற ஓரத்திலிருந்து உள்ளே வரும். அடுத்து வரவிருப்பது எது என்பதற்கு மேலே ஒரு குறிப்பு தோன்றும். நகர்த்த வழியின்றிக் கட்டங்கள் நிறைந்துவிட்டால் ஆட்டம் முடிவுறும்.

விதிகள் இவ்வளவே. ஆயினும் இவற்றுள் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, 1 என்பது மற்றொரு 1-ஓடு சேராது; 2 என்பதும் மற்றொரு 2-ஓடு சேராது. ஆதலால் சிறிய அட்டைகளே பெருந்தடைகளாகக் குவிகின்றன. இரண்டாவது, ஒரு கட்டம் மட்டுமே நகர்தல் என்னும் விதியால், ஆடுபவர் ஒவ்வோர் அசைவையும் அளந்து செய்ய வேண்டியுள்ளது. மூன்றாவது, மதிப்பெண் கணக்கு. எண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் மதிப்பு மும்மடங்காகிறது. 3-க்கு 3 புள்ளிகள், 6-க்கு 9, 12-க்கு 27, 48-க்கு 243. மிகவும் அரிதான 6144 என்னும் அட்டைக்கு 5,31,441 புள்ளிகள். எனவே, பல சிறிய எண்களைச் சேர்த்து வைப்பதைக் காட்டிலும் ஒரு பெரிய எண்ணை உருவாக்குவதே பயன் தருவதாகிறது.

இவற்றோடு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முகமும் ஒரு குரலும் அமைக்கப்பட்டுள்ளன. புதிய எண் முதன்முறை தோன்றும்போது ஒரு புதிய பாத்திரம் அறிமுகமாகிறது. வெறும் கணக்காக நின்றிருக்கக்கூடிய ஒன்று இதனால் உயிர்ப்புடைய ஆட்டமாயிற்று.

ஆக்கத்தின் வரலாறு

இதனை உருவாக்கியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த மூவர். வடிவமைப்பும் நிரலாக்கமும் ஆஷர் வோல்மர். ஓவியம் கிரெக் வோல்வெண்ட். இசை ஜிம்மி ஹின்சன். 2014 பிப்ரவரி 6-ஆம் நாள் ஐபோனுக்கான பதிப்பு 1.99 அமெரிக்க வெள்ளி விலையில் வெளியாயிற்று.

இதன் முதல் மாதிரியை வோல்மர் ஒரே இரவில் செய்து முடித்தார். ஆனால் அம்மாதிரி வெளியீட்டுக்குரிய வடிவம் பெற ஏறத்தாழப் பதினான்கு மாதங்கள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எண்களுக்கு மாற்றாக ஜப்பானிய சுஷி உணவு, சதுரங்கக் காய்கள், விலங்குகள் எனப் பல கருப்பொருள்கள் முயன்று பார்க்கப்பட்டன. தடைச்சுவர்கள் போன்ற கூடுதல் உறுப்புகளும் சேர்க்கப்பட்டன. பின்னர் அவை ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு, முதல் இரவின் எளிமைக்கே விளையாட்டு மீண்டு வந்தது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. முதலில் இருந்த இடத்திற்கே திரும்பி வருவதற்குப் பதினான்கு மாதங்கள் எதற்கு? சேர்க்கக்கூடியவை எவை எனத் தேடி, அவற்றுள் எவையும் வேண்டா எனத் தெளிவதற்கே அக்காலம் செலவாயிற்று என்பது விடையாகும். பதிப்பாசிரியர் ஒருவர் பல பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கிவிட்டுப் பழைய பாடத்தையே ஏற்கும்போது, அச்சிட்ட பக்கத்தில் அவ்வுழைப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. திரீஸின் உழைப்பும் அத்தன்மையதே. கண்ணுக்குத் தெரியாத உழைப்பைப் பார்த்துச் செய்வோர் செலவின்றிப் பெற்றுவிடுகின்றனர்.

பின்வந்தவை

திரீஸ் வெளியான சில கிழமைகளுள் வீவோ என்னும் நிறுவனத்தின் ‘1024’ என்னும் விளையாட்டு விலையின்றிக் கிடைக்கலாயிற்று. அதனை அடியொற்றி, 2014 மார்ச் 9-ஆம் நாள், இத்தாலியைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் கப்ரியேலே சிருல்லி ‘2048’ என்பதனை இணையத்தில் வெளியிட்டார். தம்மால் ஒரு விளையாட்டை முற்றாக நிரலாக்க முடியுமா என்று பார்ப்பதற்காக வார இறுதி ஒன்றில் அவர் செய்த பயிற்சியே அது. ஒரு கிழமை நிறைவுறுவதற்குள் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனை நாடினர்.

2048-இலும் பதினாறு கட்டங்களே. ஆயினும் விதிகள் தளர்ந்துள்ளன. அட்டைகள் ஒரு கட்டத்தோடு நில்லாமல் தடையுறும் வரை ஓடும். 1, 2 என்னும் இணை இல்லை. 2-உம் 2-உம் சேர்ந்து 4, 4-உம் 4-உம் சேர்ந்து 8 என ஒத்தவை யாவும் சேரும். புதிய அட்டை காலியான ஏதேனும் ஓர் இடத்தில் தோன்றும்; முன்னறிவிப்பு இல்லை. 2048 என்னும் எண்ணை அடைதல் வெற்றி என முன்னரே அறிவிக்கப்பட்டுள்ளது. இம்மாற்றங்களால் விளையாட்டு விரைவும் எளிமையும் பெற்றது. பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்தி, இரண்டு திசைகளில் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தாலே ஆட்டம் நெடுந்தொலைவு செல்லும். திரீஸில் அத்தகைய வழி பயன் தருவதில்லை.

சிருல்லி தம் விளையாட்டின் பக்கத்திலேயே, அது வீவோவின் 1024-ஐ அடிப்படையாகக் கொண்டது என்றும், கருத்தளவில் வோல்மரின் திரீஸை ஒத்தது என்றும் எழுதி வைத்தார். மூலநிரலையும் எவரும் எடுத்தாளுமாறு திறந்து வைத்தார். பிறர் கருத்தின்மேல் எழுந்த ஒன்றனைத் தமக்கே உரியதாக வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். ஆனால் திறந்த நிரலை எடுத்துக் கைப்பேசிச் செயலியாக்கி விளம்பர வருவாய் ஈட்டியோர் பலர். சிருல்லியின் பெயரும் வோல்மரின் பெயரும் அவற்றுட் பலவற்றில் இடம்பெறவில்லை. அவற்றின் வாயிலாக விளையாட்டை அறிந்தவர்களுக்குத் திரீஸ் என ஒன்று உண்டு என்பதே தெரியாமற்போயிற்று. பின்னர்ச் சிருல்லியும் தம் பெயரில் ஒரு செயலியை வெளியிட்டார்.

ஏற்பின் இரு முகங்கள்

திரீஸ் போற்றப்படாமல் போயிற்று என்று கூறுவதற்கில்லை. திறனாய்வாளர்கள் அதனை அவ்வாண்டின் மிகச் சிறந்த விளையாட்டுகளுள் வைத்துப் பாராட்டினர். ஆப்பிள் நிறுவனம் 2014-இல் தன் வடிவமைப்பு விருதினை அதற்கு அளித்ததோடு, ஆண்டின் சிறந்த ஐபோன் விளையாட்டாகவும் அதனைத் தேர்ந்தெடுத்தது. கற்றோர் அவையில் அது பெற்ற இடம் உறுதியானது.

பொதுமக்களிடையே நிலைமை வேறு. விலையின்றி, எந்தக் கணினியிலும் உடனே ஆடக்கூடிய 2048-ஐ முதலில் கண்டவர்கள், பின்னர்த் திரீஸைக் கண்டபோது அதனை 2048-இன் போலி எனக் கூறினர். 2048-ஏ சிறந்தது என்றோரும் உண்டு. ஒருவர் எதனை முதலிற் சந்திக்கிறாரோ அதுவே அவருக்கு முதல்நூல் ஆகிவிடுகிறது. காலவரிசையை அறிந்து எவரும் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை.

2014 மார்ச் இறுதியில் வோல்மரும் வோல்வெண்டும் நீண்ட மடல் ஒன்றனை வெளியிட்டனர். அதனுடன், விளையாட்டை உருவாக்கிய காலத்தில் தம்முள் எழுதிக்கொண்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களையும் இணைத்தனர். தம் படைப்பு போலி எனப்பட்டது தங்களைப் புண்படுத்தியதை அதில் மறைக்காமல் கூறினர்; திரீஸே மேலான ஆட்டம் என்றும் உரைத்தனர். தற்புகழ்ச்சி என இதனைச் சிலர் கருதக்கூடும். நன்னூல் தற்புகழ்ச்சியைக் கடிவது. ஆயினும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் எனச் சில இடங்களை அது விலக்காக அளிக்கிறது. தன் ஆற்றலை உணராதார் இடையே நிற்கும்போதும், மாற்றார் தன்னைப் பழித்தபோதும் அது தகும். திரீஸ் ஆசிரியர் நின்ற இடம் இவ்விரண்டுமே ஆகும்.

அவ்விருவருள் ஓவியர் வோல்வெண்டுக்கு இது முதல் அனுபவமும் அன்று. நெதர்லாந்தின் விலம்பீர் குழுவினரோடு சேர்ந்து அவர் பணியாற்றிய ‘ரிடிக்குலஸ் ஃபிஷிங்’ என்னும் விளையாட்டு, அக்குழுவினரின் 2010-ஆம் ஆண்டு இணைய விளையாட்டான ‘ராடிக்கல் ஃபிஷிங்’கின் விரிவாகும். அது முற்றுப்பெறுமுன்னரே, 2011-இல், அதே கருத்தை எடுத்தாண்ட வேறொரு மீன்பிடி விளையாட்டு ஐபோனில் வந்துவிட்டது. மூலப்படைப்பாளர்களின் விளையாட்டு 2013-இல்தான் வெளிவந்தது. படைப்பு முடிவுறுமுன் அதன் சாயல் சந்தைக்கு வந்துவிடுவது இத்துறையின் இயல்பாகவே ஆகிவிட்டதை இது காட்டுகிறது.

சட்டம் கூறுவது

திரீஸ் ஆசிரியர்கள் நீதிமன்றத்தை நாடியிருந்தால் பயன் விளைந்திருக்குமா? ஐயமே. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் கருத்துக்கும் செய்முறைக்கும் உரிமை வழங்குவதில்லை. அவற்றை வெளிப்படுத்தும் வடிவத்திற்கே வழங்குகிறது. கணக்கெழுதும் முறை ஒன்றை விளக்கும் நூலுக்கு உரிமை உண்டு, அம்முறைக்கு உரிமை இல்லை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1879-இலேயே தீர்ப்பளித்துள்ளது. விளையாட்டின் விதிகளும் அவ்வாறே பொதுவுடைமை எனக் கருதப்படுகின்றன.

இவ்வெல்லை எங்கு முடிகிறது என்பதற்கு டெட்ரிஸ் வழக்கு நல்ல சான்றாகும். அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் மாஸ்கோவில் உருவாக்கிய டெட்ரிஸ், விழும் வடிவங்களை விரைந்து அடுக்கும் செயல்திறன் புதிர். அதனை ஒத்த ‘மினோ’ என்னும் ஐபோன் விளையாட்டை 2009-இல் சியோ என்னும் நிறுவனம் வெளியிட்டது. விதிகளுக்கு உரிமையில்லை என்பதனால் அவற்றையே எடுத்தாண்டோம் என்பது அந்நிறுவனத்தின் வாதம். நியூ ஜெர்சி கூட்டரசு நீதிமன்றம் 2012-இல் அளித்த தீர்ப்பில், விதிகளுக்கு உரிமையில்லை என்பதனை ஏற்றது. ஆயினும் காய்களின் உருவம், ஆடுகளத்தின் இருபதுக்குப் பத்து என்னும் அளவு, காய் விழவுள்ள இடத்தைக் காட்டும் நிழல் போன்ற வெளிப்பாட்டுக் கூறுகளை அப்படியே எடுத்தது குற்றம் எனத் தீர்த்தது.

இவ்வளவுகோலால் அளந்தால், 2048 குற்றமற்றது என்றே தோன்றும். முகங்கள் இல்லை, குரல்கள் இல்லை, வண்ணங்களும் எண்களும் வேறு, விதிகளும் வேறு. சட்டத்தின் முன் அது தனிப்படைப்பு. எனினும் ஏதோ ஒன்று பறிபோயிற்று என்னும் உணர்வு படைப்பாளர்க்கு இருந்தது. அந்த ஏதோ ஒன்றுக்குச் சட்டத்தில் பெயரில்லை.

தமிழ் நூல் மரபின் நோக்கு

தமிழ் மரபில் அதற்குப் பெயருண்டு. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகிறது. முன்னோர் நூலின் முடிவை முற்றும் ஏற்றுப் பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளைச் சேர்ப்பது வழிநூல். ஒரு பகுதியில் ஒத்துப் பிறவற்றில் திரிபுடையது சார்புநூல். வழிநூல் செய்வதை எவரும் இழிவாகக் கருதவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. எடுத்தாளுதல் ஒரு முறையான நூலாக்க வழியாகவே ஏற்கப்பட்டது.

ஆனால் அதற்கு ஒரு கடப்பாடு உண்டு. சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவை எனக் கூறப்படும் எட்டனுள், ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது ‘வழி’. இந்நூல் எதன் வழிவந்தது என்பதனைக் கற்போன் நூலுக்குள் புகுமுன்னரே அறிந்துகொள்ள வேண்டும். எடுத்தாளுவதற்கு உரிமை உண்டு. எங்கிருந்து எடுத்தது என்பதனை மறைப்பதற்கு இடமில்லை.

இம்மரபை அளவுகோலாகக் கொண்டால், மேற்கண்ட நிகழ்வுகள் தெளிவாகப் பிரிகின்றன. திரீஸ் முதல்நூல். சிருல்லியின் 2048, விதிகள் பலவற்றைத் திரித்துக்கொண்டமையால், சார்புநூல் எனத்தகும். அதன் பக்கத்தில் அவர் எழுதிய ஓரிரு வரிகள் பாயிரத்தின் பணியைச் செய்தன. அவ்வரிகளை நீக்கிவிட்டு விளம்பரம் சேர்த்து வெளியிட்ட செயலிகளோ பாயிரம் இழந்தவை. குறை 2048-ஐச் செய்ததில் இல்லை. அதனைக் கைமாற்றுவதில் வழி அறுந்ததில்தான் உள்ளது. ‘பார்த்துச் செய்தார்’ என அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது, வழி கூறியவரையும் வழி மறைத்தவரையும் வேறுபாடின்றி ஒறுப்பதாக முடியும்.

இதற்கு மறுப்பும் கூறலாம். பாயிரம் கூறிவிட்டால் மட்டும் முதல்நூலாசிரியரின் இழப்பு நீங்கிவிடுமா? நீங்காது என்பதனை நாம் ஒப்புக்கொள்கிறோம். சிருல்லி வழி கூறியும் திரீஸ் போலி எனப்பட்டது. ஆடுவோர் பாயிரம் படிப்பதில்லை. அதே வேளையில், திறந்த நிரலாக இருந்ததனால் 2048 வேறொரு நற்பயனையும் தந்தது. எண்களுக்கு மாற்றாகப் படங்களையும் பிபனாச்சி வரிசையையும் தனிமங்களையும் வைத்துப் பலர் புதியன செய்தனர். செயற்கை நுண்ணறிவு பயில்வோருக்கு அது ஒரு பயிற்சிக்களமாயிற்று. எனவே வழிவந்தவற்றின் விளைவை இழப்பு என்றோ ஆக்கம் என்றோ ஒரு சொல்லில் அடக்க இயலாது.

வகுப்பறையில் இதன் இடம்

நம் மாணவரின் ஒப்படைப்புகளில் பிறர் எழுத்து மேற்கோளின்றி இடம்பெறுவதைக் கண்டு வருந்தாத ஆசிரியர் இரார். ‘திருடாதே’ என்னும் ஒரே அறிவுரையால் அதனைத் தடுத்துவிட முயல்கிறோம். மாணவர் அதனைத் தண்டனைக்குரிய விதியாக மட்டுமே காண்கின்றனர். மேற்கோள் குறிப்பு என்பது மேனாட்டு ஆய்வுநெறி நம்மீது சுமத்திய சடங்கு எனவும் எண்ணுகின்றனர்.

அவர்கள் நன்கறிந்த 2048-இலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். முதலில் இரண்டு விளையாட்டுகளையும் சிறிது நேரம் ஆடச் செய்து, விதிகளின் வேறுபாட்டைத் தமிழில் எழுதச் சொல்லலாம். விளக்கக் கட்டுரைக்கு இது நல்ல பயிற்சி. அடுத்து எது முதலில் வந்தது என ஊகிக்கச் செய்து, உண்மையை அறிவிக்கலாம். அதன்பின் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாட்டை அறிமுகப்படுத்தினால், நன்னூற் பாயிரவியல் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்யப்படும் பகுதியாக நில்லாது. ‘நீ எடுத்தாளலாம், ஆனால் வழி கூறு’ என்பது மாணவர் ஏற்கக்கூடிய நெறி. அது தம் மொழியின் பழைய நெறியே என அறியும்போது ஏற்பு இன்னும் எளிதாகும்.

முடிவுரை

திரீஸ் ஆசிரியர்கள் 2015-இல் விளம்பரத்துடன் கூடிய விலையில்லாப் பதிப்பையும் வெளியிட்டனர். பரவலில் தம்மை முந்தியவற்றின் வழியைத் தாமே பின்பற்ற வேண்டியதாயிற்று. 2017-இல், வெளியீட்டுக்கு மூன்றாண்டுகள் கழித்து, ஆடுநர் ஒருவர் 6144 என்னும் அட்டைகள் இரண்டனைச் சேர்த்து அதன் இறுதி எல்லையை எட்டினார். பதினான்கு மாத உழைப்பில் அமைந்த ஆழம் எத்தகையது என்பதற்கு அதுவே சான்று.

படைப்பின் ஏற்பு என்பது தகுதியை மட்டும் சார்ந்ததன்று. விலை, எளிமை, முதலிற் கைக்கு எட்டும் வாய்ப்பு ஆகியவற்றையும் சார்ந்தது. இதனை மாற்றும் ஆற்றல் ஆசிரியர்க்கோ ஆய்வாளர்க்கோ இல்லை. ஆனால் எது எதன் வழிவந்தது என்பதனை எழுதி வைக்கும் பணி நம்முடையது. சந்தை மறப்பதை ஆய்வு நினைவிற் கொள்ள வேண்டும். சிறியதொரு விளையாட்டின் வரலாற்றுக்கும் அது பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.